வெட்டு மட்டும் கறுக்கவில்லை

"வெள்ளி ஏன் கறுக்குதுன்னு எனக்குத் தெரியும். இது ஏன் கறுக்கலைங்கறதுதான் தெரியல."

கேட்டவர் நல்லதம்பி சார். சேலத்தில் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி, போன வருடம் ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் செங்கமலம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அவரிடமே படித்தவள். பத்தாம் வகுப்பு அறிவியலில் பதினெட்டு மார்க் வாங்கி, "உனக்கு இதெல்லாம் ஏறாது" என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டவள்.

அந்தப் பட்டறைக்கு அறுந்த கொலுசைக் கொண்டுவருகிறவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கொலுசைச் சாக்காக வைத்து வேறு எதையோ கொண்டுவருவார்கள். அவள் யாருக்கும் உடனே பதில் சொல்ல மாட்டாள். பெரிய ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். வாயில் ஊதுகுழல் இருக்கும்.

அன்றும் இருந்தது. இணைப்பில் வைத்த பற்றுப்பொடி உருகி ஓடும்வரை ஊதினாள். ஓடியதும் குழலை எடுத்தாள்.

"எது சார் கறுக்கல?"

சார் ஒரு மஞ்சள் துணிப்பையை அவிழ்த்தார்.

ஒரு ஜோடிக் கொலுசு. கெட்டியான வேலை. அடுப்புக் கரி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. ஒன்றில் மட்டும், கொக்கிக்குப் பக்கத்தில், உட்புறமாக, அரத்தால் இழுத்த ஒரு வெட்டு. நெல் நீளம்தான் இருக்கும். அந்த வெட்டு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"காத்துல கந்தகம் இருக்கு. அது வெள்ளியோட சேர்ந்தா கறுக்கும். பீரோவுல பூட்டி வெச்சாலும் கறுக்கும். அப்படின்னா வெட்டுன எடமும் கறுக்கணுமில்ல? அது மட்டும் எப்படிம்மா தப்பிச்சுது?"

"யார் வெட்டுனது?"

சார் பட்டறைக் கல்லைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"நான்தான்."

*

சாருக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாதம். முப்பத்திரண்டு வருடம் ஆகிறது.

பூங்கோதை அந்த வீட்டில் எங்கே இருக்கிறாள் என்று யாரும் தேட வேண்டியதில்லை. கொலுசு சொல்லும். கிணற்றடிக்குப் போனாள், சமையலறைக்கு வந்தாள், மாடி ஏறினாள். அவள் அம்மா போட்டு அனுப்பிய கொலுசு. அந்த அம்மா நாமக்கல்லில் இட்லிக் கடை வைத்து மகளை வளர்த்தவள். கட்டிக்கொடுக்கும்போது, "சுத்தமான வெள்ளி மாப்ள, ஏமாத்து வேலை இல்ல" என்று சொன்னாள். சொல்லியிருக்க வேண்டியதில்லை. புதுசாக வேலைக்குச் சேர்ந்த வேதியியல் வாத்தியாரிடம் "சுத்தம்" என்று ஒரு சொல்லைச் சொன்னால் அவர் சும்மா விடுவாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். சார் பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து நைட்ரிக் அமிலம் கொண்டுவந்திருந்தார்.

"அந்தக் கொலுச ஒருக்காக் கழட்டிக் குடு. ஒரு வித்தை காட்டறேன்."

அவள் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள்.

அரத்தால் ஓர் இழுப்பு. வெட்டில் ஒரு சொட்டு அமிலம். நுரைத்தது. நுரையில் லேசாக நீலம் தட்டியது.

"செம்பு இருக்கு" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். கொலுசை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரத்தில் ஒட்டிய தூளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனார். ஆய்வகத்தில் கரைத்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, வீழ்படிவை வடிகட்டிக் காயவைத்து நிறுத்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை வெள்ளி. மீதி ஏழரை செம்பு. அடுத்த ஞாயிறு அதே கூடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால் முடிவை அறிவித்தார்.

"சுத்தமான வெள்ளியாம்! உங்கம்மா ஏழரையில்ல கலந்து அனுப்பியிருக்காங்க!"

கூடமே சிரித்தது. அவருடைய அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பூங்கோதை உள்ளே போனாள். கொலுசுச் சத்தம் சமையலறை வரைக்கும் போய் நின்றது. அப்புறம் கேட்கவில்லை.

அவள் கோபப்படவில்லை, அழவில்லை, சாப்பாடு போட்டாள். அதனால் விஷயம் முடிந்துவிட்டது என்று சார் நினைத்துக்கொண்டார். ஆண்களுக்கு இது ஒரு வசதி.

தீபாவளிக்கு வந்த மாமியார் மகளின் காலைப் பார்த்தாள். "ஏன் கண்ணு காலு மூளியா இருக்குது?"

"போட்டா வீங்குதும்மா" என்றாள் பூங்கோதை.

பக்கத்தில்தான் சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

*

"இத்தன வருசம் தோணாதது இப்ப என்ன சார்?"

"ரிட்டையர் ஆகி வீட்டுல உக்காந்திருக்கேன். பகல்ல வீடு எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது. சத்தமே இல்ல. அவ பின்னால வந்து நின்னாக்கூடத் தெரியல." சார் தொண்டையைச் செருமினார். "புதுசா ஒரு கொலுசு வாங்கித் தரலாம்னு கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் ஒரு லென்ஸக் குடுத்து, கொக்கில இருக்கற நம்பரப் பாருங்க சார்னான். தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு. 'ஸ்டெர்லிங் வெள்ளி சார், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு வெள்ளி, மீதி செம்பு. வெளிநாட்டுலகூட நல்ல நகைக்கு இதுதான் அளவு. அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் காசே இந்த வெள்ளியிலதான் அடிச்சான்'னு பெருமையாச் சொல்றான்."

"சரி."

"அதே ஏழரைம்மா."

செங்கமலம் கொலுசைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கினாள்.

"இந்தத் தெருவுல அப்போ நூத்துக்கு எழுவது, எம்பது வெள்ளியிலதான் கொலுசு செய்வாங்க. தொண்ணூத்திரண்டரை வேணும்னா தனியாச் சொல்லிச் செய்யணும். அந்தம்மா நாலு பட்டறை ஏறி எறங்கி, கேட்டு வாங்கியிருக்காங்க."

செங்கமலம் கொலுசைக் கல்லின் மேல் வைத்தாள்.

"அந்தம்மா இருக்காங்களா?"

"போயி இருவது வருசமாச்சு."

செங்கமலம் தன் கட்டை விரலை அந்த வெட்டின் மேல் வைத்தாள். மெதுவாக ஒரு முறை தேய்த்தாள். அவள் முகம் மாறியதை சார் பார்த்தார். ஏன் என்று தெரியவில்லை.

"இது ஏன் கறுக்கலைன்னு வீட்டுல கேளுங்க சார்."

"அவளுக்கு என்ன தெரியும்? அவ வேதியியல் படிச்சவ இல்ல."

"நானும்தான் படிக்கல. பதினெட்டு மார்க்கு."

*

சார் வீட்டில் கேட்கவில்லை. மறுநாள் திரும்பி வந்தார்.

"அந்த வெட்ட அழிச்சுக் குடுத்துரு. கறுப்பையும் எடுத்துரு. முன்ன எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிக் குடு. அவ அதப் போட்டுக்கணும். ஒரே ஒரு நாளாவது அந்தச் சத்தத்த நான் கேட்டுறணும்."

"நான் செய்ய மாட்டேன்."

"ஏம்மா?"

"வெட்டுனது நான் இல்லியே."

"அப்ப எனக்குக் கத்துக் குடு."

செங்கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு பழைய சாக்கை மடித்துத் தரையில் போட்டாள். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் அதில் உட்கார்ந்தார். குரு சிஷ்யனை "சார்" என்று கூப்பிடும் இடம் ஊரில் அது ஒன்றுதான்.

"இனிமே உன்னை நீங்கன்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் சார். கூச்சமா இருக்கும்."

*

முதல் வேலையாக ஒரு துண்டு வெள்ளிக் கம்பியைக் கொடுத்தாள்.

"கொலுசுக் கொக்கி ஒண்ணு செய்ங்க."

நான்கு நாள் செய்தார். விரலில் மூன்று இடத்தில் சுட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள் கொக்கி வந்தது. வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருந்தது.

"மாட்டி இழுங்க."

இழுத்தார். கொக்கி வாயைப் பிளந்தது.

"இன்னொண்ணு செய்ங்க."

செய்தார். பிளந்தது. மூன்றாவதும் பிளந்தது.

"என்னம்மா கம்பி குடுத்திருக்க? வெண்ணெய் மாதிரி இருக்கு!"

"சுத்த வெள்ளி சார். ஒரு குந்துமணிகூடக் கலக்காதது."

சார் பிளந்த கொக்கியைப் பார்த்தார்.

சுத்த உலோகம் மெத்தென்று இருக்கும், இன்னொன்று சேர்ந்தால்தான் உறுதி வரும் என்று முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் அவர். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி அது. தன் வீட்டுக் கூடத்தில் அவருக்கே அது நினைவுக்கு வரவில்லை.

"அப்ப அந்த ஏழரை..."

செங்கமலம் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டாள். பதில் வேண்டாம் என்றால் அவள் அப்படித்தான் செய்வாள்.

*

பற்றுப்பொடி ஓட உதவும் வெங்காரத்தை உரைக்கக் கற்றுக்கொண்டார். பொடி வைக்கக் கற்றுக்கொண்டார். சுடர் எப்போது நீண்டு எப்போது குட்டையாக இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்க்கும்போது கறுப்பு கலைந்து உள்ளிருந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார்.

"தங்கத்தப் பார்த்தா இப்படித் தோணல. இதப் பார்த்தா மட்டும் மனசு குளுந்து போகுதே, ஏம்மா?"

"தங்கத்தப் பார்த்தா பீரோ ஞாபகம் வரும். வெள்ளியப் பார்த்தா காலு ஞாபகம் வரும்."

சார் தலை குனிந்துகொண்டார்.

எட்டு மாதம் ஆனது; அதுவரை கொலுசு பழையபடி வீட்டுப் பீரோவிலேயே இருந்தது. கைக்குப் பதம் வந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்தது.

"இன்னைக்கு அந்த வெட்ட எடுத்துரட்டுமா?"

"வீட்டுல கேட்டீங்களா சார்?"

"என்னன்னு கேக்கறது?"

"எடுக்கட்டுமான்னு."

"சொல்லாமக் கொண்டு போய்க் குடுக்கணும்னு இருக்கேன். பார்த்ததும் அசந்து போகணும் அவ."

"கேட்டுட்டு வாங்க."

மறுநாள் வந்தார். "எடுக்கட்டுமா?"

"கேட்டீங்களா?"

"அவ கோயிலுக்குப் போயிட்டா."

"கேட்டுட்டு வாங்க."

கேட்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் கேட்க வேண்டுமானால் வெட்டைப் பற்றிப் பேச வேண்டும். வெட்டைப் பற்றிப் பேசினால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டும். பேசாமல் இருப்பதற்காகத்தானே மனுஷன் எட்டு மாதம் விரலைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்!

மூன்றாம் நாள் வந்தார்.

"கேட்டுட்டேன். எடுத்துரச் சொல்லிட்டா."

செங்கமலம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்தாள்.

அதே தரத்து வெள்ளியில் ஒரு பொட்டு. வெங்காரம். சுடர். பொட்டு உருகி வெட்டை நிரப்பியது. ஆறியதும் மேடாக இருந்ததை அரத்தால் சீவினார். உப்புத்தாளால் தேய்த்தார். கறுப்பெல்லாம் போக இரண்டுக்கும் மெருகு போட்டார். சாயங்காலம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெட்டு இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு சார். நூத்துக்கு நூறு."

அவள் சிரிக்காமல் சொன்னாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கியவன் வாத்தியாரின் முகத்தையா பார்ப்பான்?

*

பூங்கோதை முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சார் மஞ்சள் பையை அவள் மடியில் வைத்தார்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொலுசை வெளியே எடுத்தாள்.

வெயில் பட்டு அது தண்ணீர் மாதிரி மின்னியது. அவள் அந்த மினுக்கைப் பார்க்கவில்லை. அவள் கட்டை விரல் நேராகக் கொக்கிக்குப் பக்கத்தில் போனது. உட்புறம் தடவியது. மறுபடியும் தடவியது. அடுத்த கொலுசை எடுத்தாள். அதையும் தடவினாள்.

"இது என்னுது இல்லீங்க."

"உன்னுதுதான் பூங்கோதை."

"என்னுதுல ஒரு வெட்டு இருக்கும்."

"அதத்தான் எடுத்துட்டேன். நானே என் கையால எடுத்தேன். எட்டு மாசம் கத்துக்கிட்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் அவளிடம் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"எதுக்குங்க எடுத்தீங்க?"

"தப்புப் பண்ணினது நான். அந்த அடையாளம் இருக்க வேணாம்னு..."

"அது உங்க அடையாளமா?"

பூங்கோதை கொலுசை மடியில் வைத்தாள்.

"நீங்க அரத்த வெச்சு இழுத்தீங்களே, அப்ப நான் பயந்துட்டுத்தான் எட்டிப் பார்த்தேன். எங்கம்மாவ யாராச்சும் ஏமாத்தி, வெள்ளி பூசுன தகரத்தக் குடுத்திருப்பாங்களோன்னு. உள்ள வரைக்கும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. எங்கம்மா பொய் சொல்லலைன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்கல்லாம் நீலத்தப் பார்த்துச் சிரிச்சுட்டு இருந்தீங்க."

கீரைக் காம்பு ஒன்றைக் கிள்ளி எறிந்தாள்.

"அப்புறம் இந்த வீட்டுல எம்மனசு நோகறப்பல்லாம் பீரோவத் தொறந்து அந்த எடத்த ஒருக்காத் தொட்டுக்குவேன். எங்கம்மா கையத் தொட்ட மாதிரி இருக்கும்."

வெட்டு ஏன் கறுக்கவில்லை என்பதற்கு விடை அதுதான். அடிக்கடி விரல் பட்டுத் தேய்கிற வெள்ளி கறுக்காது. எத்தனை நாள் இடைவெளியில், எத்தனை தடவை தொட்டால், ஒரு வெட்டு முப்பத்திரண்டு வருடம் வெள்ளையாக இருக்கும்? அந்தக் கணக்கைப் போட சாருக்குத் தெரியும். போடவில்லை. போடுகிற தைரியம் இல்லை.

"போட்டுக்க மாட்டியா?"

"யாருதுன்னு தெரியாதத எப்படிங்க கால்ல போடறது?"

கொலுசைப் பையில் போட்டு, நாடாவை இழுத்து முடிந்து, அவரிடமே கொடுத்தாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சத்தமே இல்லை.

*

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

"அந்த வெட்டு மறுபடி வேணும்மா. அதே எடத்துல. அதே நீளத்துக்கு. நீயே போட்டுக் குடுத்துரு."

செங்கமலம் ஊதி முடித்தாள். குழலைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல கேட்டேன்னு சொன்னீங்களே சார்."

"பொய் சொன்னேன்."

அவள் திட்டவில்லை. கொலுசை வாங்கினாள். பட்டறைக் கல்லின் மேல் கொக்கிப் பக்கம் தெரியும்படி வைத்தாள். அரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சார் அரத்தைக் கொண்டுபோய் வெள்ளியின் மேல் வைத்தார்.

இடம் தெரியும். ஆழம் தெரியும். ஒரே ஓர் இழுப்பு. எட்டு மாதத்தில் இந்த அரத்தால் ஆயிரம் இழுப்பு இழுத்திருப்பார்.

கை நகரவில்லை. எடுத்தார், மறுபடி வைத்தார். கொலுசு கல்லில் உரசிக் கிணுகிணுவென்றது. கண் மறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்தார்.

"முடியல செங்கமலம். கை வரமாட்டேங்குது."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் குழல் இல்லை.

"அன்னைக்கு எப்படி சார் கை வந்துச்சு?"